நிலக்கரிச் சாம்பல் போட்டும் டிரைவ்வேயில் டயர் வழுக்குகிறது என்றால்

ஐஸ் படிந்த டிரைவ்வேயில் (வீட்டுக்கு வரும் கார் பாதையில்) பிடிமானத்துக்காகப் போட்ட சாம்பல் சேறாகி, டயர் இன்னும் வழுக்குகிறதா? உப்பைக் கூட்டுவதால் தீராது. சாம்பலைச் சலித்து, கரடான பகுதியை மட்டும் போடுங்கள். பிடிமானம் தருவது பட்டாணி அளவு எரிந்த கட்டிகள்தான். அந்தச் சாம்பல் நிறச் சேறு, அடுப்பிலிருந்து அப்படியே அள்ளிக் கொட்டிய பொடி ஈரம் பட்டுக் குழைந்ததாக இருக்கும்.

ஒரு பிடியை நனைத்து விரல்களால் தேய்த்துப் பாருங்கள். திருநீறு குழைத்தது போல வழுவழுத்தால் பொடி அதிகம். நறநறவென்று உறுத்தினால் சரி.

1. மூடியுள்ள இரும்பு வாளியில், மரத் தளத்திலிருந்து தள்ளி, குறைந்தது மூன்று நான்கு நாள் ஆறவிடுங்கள். மேலே குளிர்ந்திருந்தாலும் உள்ளே கனல் இருக்கும். பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது.
2. கால் அங்குலக் கம்பி வலையில் சலியுங்கள். முகமூடி அவசியம்.
3. தளர்ந்த பனியை முதலில் வாரிவிட்டு, ஐஸ் மேலேயே தூவுங்கள். டயர் ஓடும் இரண்டு தடங்களும் சரிவும் போதும்.

வெறும் ஐஸில் கட்டிகள் உருண்டு ஓடினால், கொஞ்சம் உப்பு கலக்கலாம். மேற்பரப்பு இளகி அவை பதியும். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதா உப்பால் பெரிய பயனில்லை.

இது ஆந்த்ரசைட் என்னும் கடின நிலக்கரியின் சாம்பலுக்கு. விறகுச் சாம்பலில் இந்தக் கட்டிகளே இருக்காது.

நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருட்கள் உண்டு. கிணறு, காய்கறிப் பாத்தி, மழைநீர் வடிகால் பக்கம் வேண்டாம். செருப்பை வாசலிலேயே விடுங்கள், மரத்தரையைக் கீறிவிடும்.