ஜிம்மில் சேர்ந்ததும் எடை கூடுவது ஏன்?

கேள்வி: ஜிம்முக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது, சாப்பாட்டையும் குறைத்துவிட்டேன், ஆனால் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. இது தசையா, கொழுப்பா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை, தண்ணீர்தான். பழக்கமில்லாத பயிற்சியில் தசை நார்கள் நுண்ணிய அளவில் சிதையும், அதைச் சரிசெய்ய உடல் அங்கே நீரைத் தேக்கும். அப்புறம் தசை தன் எரிபொருளான கிளைகோஜனை முன்பைவிட அதிகமாகச் சேமிக்கும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரையும் சேர்த்தே பிடித்து வைக்கும். தசை வளர மாதக்கணக்கில் ஆகும். தயவுசெய்து பயந்துபோய் சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள். காலையில் கழிவறை போய்வந்ததும் எடை பார்த்து வாரச் சராசரியை ஒப்பிடுங்கள், இடுப்பளவையும் குறித்துவையுங்கள். கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.