கேம் ஆடி கை வலிக்குதா? கேளுங்க, பதில் சொல்றேன்

கைக்கு பிசியோதெரபி பாக்குறதுதான் என் வேலை, கேம் ஆடுறவங்க நிறைய பேர் கை வலியோட வர்றதால இன்னைக்கு உங்க கேள்விக்குதான் நேரம்.

கேள்வி: அக்கா, மொபைல்ல ஷூட்டிங் கேம் ஆடுவேன். கட்டைவிரலுக்கு கீழ, மணிக்கட்டு ஓரத்துல சுருக்குனு இழுக்குது.

பதில்: கட்டைவிரலை உள்ளங்கைல மடக்கி மத்த விரலால மூடிட்டு, மணிக்கட்டை சுண்டுவிரல் பக்கமா மெதுவா சாய்ச்சு பாரு தம்பி. லேசா இழுத்தா அது பலருக்கும் இருக்கும், ஆனா அந்த இடத்துலயே உயிர் போற மாதிரி வலிச்சா பெரும்பாலும் டி குவெர்வெய்ன்ங்கிற தசைநார் பிரச்சனை. 1895லயே அதைப் பத்தி எழுதின சுவிட்சர்லாந்து சர்ஜன் பேருதான் அது. கட்டைவிரலை விரிக்கிற ரெண்டு தசைநாரும் ஒரே உறைக்குள்ள ஓடுது, நீ விடாம ஸ்வைப் பண்ணப் பண்ண உறை தடிச்சுப்போய் நார் உரசுது. கட்டைவிரலையும் சேத்து அசையாம பிடிக்கிற ஸ்பிளிண்ட், அதாவது விறைப்பான பட்டை, வாங்கு, வெறும் மணிக்கட்டு பேண்டு போட்டா பிரயோஜனம் இல்ல. முதல்ல சொன்ன மடக்கிப் பாக்குற டெஸ்ட்ட ஒரு தடவை பண்ணினா போதும், சும்மா சும்மா பண்ணி வலியைக் கிளப்பாத.

கேள்வி: பிசி கேமர் மேடம். ராத்திரி விரல் மரத்துப்போய் முழிப்பு வருது, கையை உதறினா சரியாகுது.

பதில்: எந்த விரல்னு கவனிங்க, அதுலதான் விஷயமே இருக்கு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்னா கார்பல் டனல் பிரச்சனையா இருக்கலாம், மணிக்கட்டுல டனல் மாதிரி இருக்கிற அந்த சின்ன வழிக்குள்ள 9 தசைநாரும் ஒரு நரம்பும் நெருக்கிட்டு போகுது, தூக்கத்துல மணிக்கட்டு மடங்கினா நரம்பு இன்னும் நசுங்கும். அதனால ஸ்பிளிண்ட்ட ராத்திரி, மணிக்கட்டு நேரா இருக்கிற மாதிரி போடணும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தா முழங்கை நரம்பைப் பாக்கணும், முழங்கையை டேபிள் விளிம்புல ஊனாதீங்க.

கேள்வி: ரெஸ்ட் எடுத்தா வலி போகுது, ஆட ஆரம்பிச்சதும் திரும்ப வருதே?

பதில்: ரெஸ்ட்ல வலி அடங்கும், ஆனா நாருக்கு பலம் வராது. வலி குறைஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா வெயிட் ஏத்தி எக்சர்சைஸ் பண்ணணும், கேமையும் பழைய நேரத்துக்கு ஒரேடியா போகாம சின்ன சின்னதா கூட்டணும்.

கேள்வி: வலி மாத்திரை போட்டுட்டு டோர்னமெண்ட் ஆடலாமா அக்கா?

பதில்: வேண்டாம்ப்பா. மாத்திரை வலியை மறைக்கும், கை மேல விழுற லோடு அப்படியேதான் இருக்கும். விரல் எந்நேரமும் மரத்தே இருந்தாலோ, கைல பிடிச்சது நழுவினாலோ, கட்டைவிரல் அடியில இருக்கிற சதைமேடு வத்தினாலோ டோர்னமெண்ட்ட விட்டுட்டு உடனே டாக்டர்கிட்ட போ, நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க.