பல்கலைக்கழகத்தில் அறிவியல் புனைகதை ரசிகர் மன்றம் தொடங்கினால் நிலைக்குமா?

கேட்டிருப்பவர் முதலாண்டு மாணவர். கூட நான்கு நண்பர்கள் இருக்கிறார்களாம், இதற்கு முன் இருந்த மன்றம் இரண்டே வருடத்தில் படுத்துவிட்டதாம், தாங்கள் தொடங்கினால் மட்டும் நிலைக்குமா என்பது கேள்வி.

நிலைக்கும். ஐந்து பேர் தாராளமாகப் போதும். நான் படித்த காலத்தில் இப்படி ஒரு மன்றத்தில் மூன்று வருடம் இருந்தேன், அதில் ஒரு வருடம் செயலாளர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் ஒரு அலமாரி பிடியுங்கள். லோகோ, டி-ஷர்ட், தொடக்க விழா எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பூட்டு போடக்கூடிய ஒரு பழைய அலமாரி, நீங்கள் ஐந்து பேரும் படித்து முடித்த புத்தகங்கள், ஒரு கோடு போட்ட நோட்டு, இவ்வளவுதான் வேண்டும்.

ஏன் அலமாரி என்றால், மாணவர் மன்றத்தில் ஆட்கள் நிற்க மாட்டார்கள். மூன்று நான்கு வருடத்தில் மொத்தப் பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், யார் எதைப் படித்து எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும், புத்தகங்கள் மட்டும் அங்கேயே இருக்கும். அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்கள் 1949இல் தொடங்கிய அறிவியல் புனைகதைச் சங்கம் இன்றும் நடக்கிறது, அதன் நூலகத்தில் பல்லாயிரம் புத்தகங்களும் பழைய இதழ்களும் இருக்கின்றன, அதை நடத்துவது மாணவர்களேதான். லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர் மன்றத்துக்கும் சொந்தமாக நூலகம் உண்டு.

எங்கள் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடுக்கும்போது பெயரும் தேதியும், திருப்பித் தரும்போது கட்டாயமாக ஒரு வரி எழுத வேண்டும். ஒரு விண்கலக் கதைக்கு நேராக யாரோ, "நடுவில் 40 பக்கம் அலுப்பு, தாண்டிப் போய்விடுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறு மையில், ஒன்றரை வருடம் கழித்த தேதியில், "தாண்டாதீர்கள், கப்பல் ஏன் திரும்பியது என்பது அந்த 40 பக்கத்தில்தான் இருக்கிறது" என்று இன்னொரு கையெழுத்து. அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. நான் அந்த நாவலை எடுத்ததே அந்த இரண்டு வரிக்காகத்தான்.

வாராந்தரக் கூட்டத்துக்கு நாவல் வைக்காதீர்கள். பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், படிக்காதவர் அடுத்த வாரம் வரக் கூச்சப்படுவார். சிறுகதை எடுத்து அங்கேயே உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசியுங்கள், அப்புறம் பேச்சு தானாக வரும். கதை கிடைக்காத நாளில் ஒரு கேள்வி போதும். நிலா எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுவதுபோல, ஒரு கோள் எப்போதும் ஒரே பக்கத்தை அதன் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருந்தால் அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஒரு மாலை பேசினோம். இயற்பியல் மாணவர் ஒருவர் பலகையில் வட்டம் போட்டு, ஒரு பக்கம் தீராத பகல், மறுபக்கம் தீராத இரவு, நடுவில் அந்தி மட்டுமே உள்ள வளையம் என்று வரைந்தார். மொழியியல் படித்த பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இவர்கள் மொழியில் நாளைக்கு என்பதற்குச் சொல் இருக்குமா?" என்று கேட்டார். சூரியன் உதிக்காத இடத்தில் நாளே இல்லை, அப்புறம் ஏது நாளை? அங்கே கடன் வாங்கியவன் எந்தத் தவணை சொல்வான்? காவலாளி அறையைப் பூட்ட வரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. வெவ்வேறு துறைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து இப்படிப் பேசுவது பல்கலைக்கழகத்தில் வேறு எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஃபேன்டஸி ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராகனா ராக்கெட்டா என்று சண்டை வரும், வரட்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். முதல் முறை வந்தவரிடம் "அதைப் படித்ததில்லையா?" என்று கேட்பது. எங்கள் மன்றத்தில் ஒரு மூத்தவர் புதிதாக வந்த மாணவியிடம் வரிசையாக ஏழெட்டுத் தலைப்புகள் கேட்டார், அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினார், அத்தோடு வரவே இல்லை. நான் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் என்ன படித்திருந்தார் என்று நாங்கள் கேட்கவே இல்லையே.

இதெல்லாம் பிற்காலத்துக்கு உதவுமா என்று வீட்டில் கேட்பார்கள். 1981இல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த டைகான் 3 என்ற அறிவியல் புனைகதை ரசிகர் மாநாட்டின் தொடக்கத்துக்காக மாணவர்கள் சிலர் சில நிமிட அனிமேஷன் படம் ஒன்றைச் செய்தார்கள், அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1984இல் கைனாக்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனம் வந்தது. எல்லோருக்கும் அப்படி நடக்காது, எனக்கு நடக்கவில்லை. ஆனால் அன்று கிடைத்த நண்பர்களோடு இன்றும் புத்தகம் மாற்றிக்கொள்கிறேன்.

கடைசியாக, அலமாரிச் சாவி. அதை இறுதியாண்டு மாணவரிடம் வைக்கவே வைக்காதீர்கள், தேர்வு நெருக்கடியில் யாரிடமும் கொடுக்காமல் போய்விடுவார். இரண்டாமாண்டில் யார் அதிகம் புத்தகம் எடுக்கிறார் என்று நோட்டில் பாருங்கள், சாவியை அவரிடம் கொடுங்கள்.