முதலில் இடது கை பழகட்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பைக் பழகுவது பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானே 1998-ல், முப்பத்து மூன்று வயதில்தான் பைக் பழகினேன். அப்போது ஆண்டிபட்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பதினான்கு பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அவருடைய ஸ்பிளெண்டர் ஒரு வருஷமாக வாசலில் நிற்கிறது. எனக்கு வயது 38. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். தம்பி இரண்டு நாள் பைக் சொல்லிக் கொடுத்தான். கிளட்சை விட்டதும் வண்டி துள்ளிப் பாய்ந்து வேலியில் போய் நின்றது. அவன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மாமியார் ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்கிறார். எனக்கு இந்த வண்டியையே ஓட்ட ஆசை. முடியுமா?
— பெயர் வேண்டாம், பெரியகுளம் அருகே

முடியும் தங்கச்சி. சைக்கிள் வருமென்றால் உங்கள் உடம்புக்கு இரண்டு சக்கரத்தில் நிற்கத் தெரியும். இனிப் பழக வேண்டியது இடது கை.

வண்டி ஏன் துள்ளியது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் கிளட்ச். உள்ளே வட்டத் தட்டுகள் அடுக்கி வைத்திருக்கும். லிவரைப் பிடித்தால் தட்டுகள் விலகும், விட்டால் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக விட்டால் உரசி உரசிச் சேரும், வண்டியும் நகர ஆரம்பிக்கும். சடாரென்று விட்டால் ஒரே அடியாகச் சேரும். அப்போது என்ஜின் நின்றுபோகும். ஆக்சிலேட்டரைத் திருகி வைத்திருந்தால் வண்டி பாயும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

எங்கள் ஊரில் நெல்லடிக்கும் சிமென்ட் களத்தில்தான் என் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விடச் சொன்னார். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் லேசாகத் தாழும், வண்டி முன்னால் போகத் துடிக்கும். மெக்கானிக்குகள் ஹாஃப் கிளட்ச் என்பது அதைத்தான். அந்த இடம் வந்ததும் மறுபடி பிடித்துவிட வேண்டும். அரை அடி நகரும், நிற்கும். அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் இதையே செய்தேன். விரல் வலித்தது. மறுநாள் அந்த இடம் எங்கே என்று கை தானாகச் சொன்னது. நீங்களும் இப்படியே செய்யுங்கள். குறைந்தது முப்பது தடவை.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: "பயம் வந்தா இடது கையை இறுக்கு." இதை நான் சொல்லிக் கொடுத்த எல்லோரிடமும் முதல் பேச்சாகச் சொல்வேன். பயந்தவர்கள் இரண்டு கையையும்தான் இறுக்குவார்கள். வலது கையை இறுக்கும்போது மணிக்கட்டு கீழே இறங்கி, ஆக்சிலேட்டர் தானாகத் திருகிக்கொள்ளும். வண்டி இன்னும் வேகமாகப் போகும், பயம் இன்னும் கூடும். வேலி, சுவர், சாக்கடை என்று போய் விழுவதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். கிளட்சைப் பிடித்துவிட்டால் என்ஜின் எவ்வளவு கத்தினாலும் அந்த வேகம் சக்கரத்துக்குப் போகாது. அப்புறம் பிரேக் பிடித்து நிறுத்தலாம்.

தம்பியைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள், பின்னால் உட்கார வேண்டாம். மறுபடியும் சத்தம் போட்டால் அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். நான் சொல்லிக் கொடுத்தவர்களில் மூன்று பேர், யாரோ ஒருவர் இப்படிக் கத்தியதால் பல வருஷம் வண்டிப் பக்கமே போகாதவர்கள். அதில் ஒருவருக்கு நான்கே நாளில் வந்துவிட்டது. அத்தனை வருஷம் பஸ்ஸுக்குக் காத்திருந்ததை நினைத்து அந்த அம்மா அழுதார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

முதல் வாரம் ஒன்று, இரண்டு கியரே போதும். ஸ்பிளெண்டரில் கியர் லிவரின் முன்பக்கத்தை மிதித்தால் கியர் ஏறும், பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்தால் இறங்கும். பல்சர் மாதிரி வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. யாராவது அவர்கள் வண்டியை வைத்துச் சொல்லிக் குழப்பப்போகிறார்கள், அதனால் சொல்கிறேன். பழைய புல்லட் வைத்திருப்பவர் சொன்னால் இன்னும் குழப்பம்: அதில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில்.

ஓட்டுவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரு வருஷம் நின்ற வண்டிக்கு பேட்டரி இறங்கியிருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும், டயரில் காற்று இருக்காது. கிளட்ச் கேபிளைப் பார்த்து எண்ணெய் விடச் சொல்லுங்கள். கேபிள் இறுகிப்போன வண்டியில் பழகினால் பழி உங்கள் கைமேல் விழும். இன்சூரன்ஸ் முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து, வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்டிய பிறகுதான் ரோட்டுக்குப் போக வேண்டும்.

சாய்ந்தால் காலைக் கொடுத்துத் தாங்காதீர்கள். ஸ்பிளெண்டர் 110 கிலோவுக்கு மேல் இருக்கும், விட்டுவிட்டு விலகுங்கள். சைலன்சர் வலது பக்கம் இருக்கிறது, கெண்டைக்கால் பட்டால் தோல் வழன்றுவிடும். பட்டுவிட்டால் பேஸ்ட், இங்க் எதுவும் தடவாமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். இதைச் செவிலியராகச் சொல்கிறேன். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள், முந்தானையென்றால் செருகிப் பின் குத்துங்கள். செயினிலோ சக்கரத்திலோ துணி சிக்கிக் கீழே விழுந்தவர்களுக்கு நான் தையல் போட உதவியிருக்கிறேன்.

ஸ்கூட்டி நல்ல வண்டிதான், மாமியாரிடம் கோபம் வேண்டாம். ஆனால் உங்களுக்கு ஆசை இந்த வண்டிமேல்.

கல்லூரிக்கு பைக்கில் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. காந்திபுரம் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், கை நடுங்குகிறது.
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, பச்சை விழுந்தபோது வண்டி எந்த கியரில் இருந்தது? அநேகமாக மூன்றில் இருந்திருக்கும். மூன்றாம் கியரில் வந்து பிரேக் பிடித்து நிற்கிறீர்கள், கியரை இறக்க மறந்துவிடுகிறீர்கள், அதே கியரில் கிளம்பப் பார்க்கிறீர்கள். நிற்பதற்கு முன்னாலேயே, வேகம் குறையக் குறைய மூன்று, இரண்டு, ஒன்று என்று இறக்கிக்கொண்டு வாருங்கள். நின்ற பிறகு இறக்கினால் சில வண்டிகளில் கியர் விழாமல் அடம்பிடிக்கும்.

ஆஃப் ஆனால் கிளட்சைப் பிடித்தபடி செல்ஃப் போடுங்கள். மூன்று வினாடி வேலை. ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும், அவரும் ஒரு நாள் இதே சிக்னலில் நின்றவர்தான்.

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்" என்று அப்பா சொல்கிறார். நண்பன் முன் பிரேக்தான் முக்கியம் என்கிறான். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், மன்னார்குடி

அப்பா பயத்தில் சொல்கிறார், அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன் சக்கரத்துக்கு வந்துவிடும். பாரம் இருக்கிற சக்கரம்தான் ரோட்டைப் பற்றும். பின் சக்கரம் லேசாகிவிடுவதால், அதை மட்டும் அழுத்தினால் லாக் ஆகி இழுத்துக்கொண்டு போகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே வரும் ஆட்டைப் பார்த்து, மனசு சொல்லி, கை அசைவதற்கே ஒரு வினாடி போய்விடும். அதற்குப் பிறகும் பாதி பிரேக்கை மட்டும் பயன்படுத்தினால் எப்படி நிற்பது?

இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும்படியோ, அல்லது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வைத்தோதான் விற்கிறார்கள். இருந்தாலும் கை பழகியிருக்க வேண்டும்.

அப்பா சொல்வது சரியாக இருக்கிற இடங்களும் உண்டு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, மணலில், சேற்றில், முதல் மழையில் எண்ணெய் மிதக்கிற தார் ரோட்டில் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது. உங்கள் ஊர்ப்பக்கம் அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல் காயப்போடுவார்கள். அதன்மேல் ஏறினால் சக்கரம் உருளும், பிடிமானமே இருக்காது. தூரத்தில் மஞ்சளாகத் தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். இரவில் நெல்லைப் படுதா போட்டு மூடிச் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லில் மோதி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விவசாயிக்குக் களம் போதவில்லை, அவரைக் குறை சொல்லி என்ன செய்வது. ஒவ்வொரு ஊருக்கும் போதுமான களம் கட்டித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எட்டு போடும்போது ஒவ்வொரு முறையும் காலை ஊன்றிவிடுகிறேன். அடுத்த வாரம் டெஸ்ட்.
— ஒரு வாசகி, திருநெல்வேலி

முன் சக்கரத்தைப் பார்க்கிறீர்கள், அதனால்தான். தலையைத் திருப்பி, அடுத்து எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள், வண்டி பின்னாலேயே வரும். முதல் கியர், ஆக்சிலேட்டர் ஒரே அளவில், ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். முட்டியால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் இரண்டு வாளியைக் கவிழ்த்து வைத்து, முதலில் அகலமாகச் சுற்றி, தினமும் ஓர் அடி நெருக்கிக்கொண்டே வாருங்கள். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட், அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். இந்த வாரம் வரவில்லையென்றாலும் வருத்தப்பட எதுவும் இல்லை.

பத்தாம் வகுப்பு முடித்த மகன் பைக் கேட்டு அடம்பிடிக்கிறான். வயது 16. டியூஷனுக்கு மட்டும் ஓட்டட்டுமா?
— ஒரு தாய், கரூர்

வேண்டாம் அம்மா. கியர் வண்டிக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும். பதினாறு வயதில் 50 சிசி வரையிலான, கியர் இல்லாத வண்டிக்குத்தான் உரிமம் தருவார்கள். மொபெட் என்று நினைக்கிற எக்ஸ்.எல். 100-கூட 99.7 சிசி, அதுவும் கணக்கில் வராது. பையன் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. இருபத்தைந்து வயது வரை அவனுக்கு உரிமமும் கிடைக்காது. சட்டத்தை விடுங்கள். அவசரப் பிரிவில் பதினாறு வயதுப் பிள்ளையின் செருப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

பைக் பழகி இரண்டு வாரம் ஆகிறது. வரும் ஞாயிறு நண்பர்கள் கொல்லிமலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
— ஒரு வாசகர், ராசிபுரம்

இந்த ஞாயிறு நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, நீங்களும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வளைவில் பஸ் வந்தால் சரிவில் நின்று, பின் பிரேக்கில் வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஹாஃப் கிளட்சில் கிளம்பத் தெரிய வேண்டும். இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது. இரண்டாம் கியரில் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும்போது நண்பர் எந்த வளைவில் எந்த கியரில் இறங்குகிறார், எங்கே ஹாரன் அடிக்கிறார், மேலே ஏறுகிற வண்டிக்கு எங்கே ஒதுங்குகிறார் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். அப்புறம் உங்கள் ஊரில் ஏதாவது ஒரு மேட்டுப் பாலத்தில், ஏறுகிற பாதியில் நிறுத்திக் கிளம்பிப் பழகுங்கள். பத்துத் தடவையும் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் கிளம்பினால், மழை இல்லாத நாளாகப் பார்த்து உங்கள் வண்டியிலேயே போய் வாருங்கள்.