இரவு டியூட்டியும் டிரிப் கணக்கும்

கேள்வி: எம்.டி. குழந்தை மருத்துவம் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இரவு டியூட்டியில் டிரிப் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று கணக்குப் போடும்போதே கை நடுங்குகிறது. கைக்குழந்தைகளுக்கு நரம்பும் கிடைப்பதில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. – முதலாண்டு பி.ஜி. மாணவி, மதுரை

பதில்: மூன்றாம் மாதத்தில் கை நடுங்கலாம். நடுங்காத பி.ஜி.யைப் பார்த்தால்தான் வார்டு சிஸ்டர்களுக்குப் பயம்.

கணக்கு பெருக்கலுக்கு முன்பே, எடையிலேயே தப்பிவிடும். அம்மா சொன்ன எடை, பழைய ஓ.பி. சீட்டில் இருக்கும் எடை, இரண்டும் வேண்டாம். டிரிப் போட்டுக் கையில் அட்டை கட்டுவதற்கு முன்பே நீங்களே நிறுத்துப் பாருங்கள். வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டும் வாய்பாட்டில் 3 வயதுக்கு 14 கிலோ வரும்; தராசில் அதே வயதுப் பிள்ளை 11 கிலோ காட்டலாம். நிறுக்கவே முடியாத அவசரத்துக்கு மட்டும் வாய்பாடு.

தராசிலும் 14 கிலோ என்றே வைப்போம். ஒரு நாளைய டிரிப் கணக்கு இது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., மீதி 4 கிலோவுக்கு 50 மி.லி. வீதம்: நாளுக்கு 1,200, மணிக்கு 50 மி.லி. மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு 1 மி.லி. என்பதால் நிமிடத்துக்கு 50 சொட்டு. விபத்து இங்கேதான். மைக்ரோ செட் தீர்ந்து, 20 சொட்டுக்கு 1 மி.லி. விழும் சாதாரண செட்டை மாட்டிவிட்டு அதே 50 சொட்டு ஓடவிட்டால் மணிக்கு 150 மி.லி. போய்விடும். ஆகவே கேஸ் ஷீட்டில் சொட்டை மட்டும் எழுதாமல் மணிக்கு எத்தனை மி.லி. என்றும் எழுதுங்கள். இது தினசரித் தேவைக்கான கணக்கு. நீரிழப்பு, ஷாக் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை), டெங்கு, இதய, சிறுநீரகக் கோளாறுகளுக்கு வேறு கணக்கு. அங்கே சீனியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மருந்திலும் இதே கதைதான். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 210 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் அது 4.2 மி.லி.; 125 மி.கி. சிரப்பில் 8.4, மி.லி.க்கு 100 மி.கி. உள்ள ட்ராப்ஸில் 2.1 மட்டுமே. ‘5 மி.லி. கொடுங்கள்’ என்று வாயால் சொன்னால் எந்தப் பாட்டிலைக் கையில் எடுப்பார்கள்? மி.கி.யும் பாட்டிலின் அளவும் எழுத்தில் இருக்கட்டும்.

நரம்பு விஷயம் பழக்கம்தான். கையை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, மஞ்சள் நிற 24 நம்பர் கேன்யுலாவை (ஊசிமேல் மாட்டிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) படுக்கையாகச் செலுத்துங்கள். ரத்தம் தெரிந்ததும் ஊசியை உருவ வேண்டாம். இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிய பிறகுதான் பிளாஸ்டிக் குழாயை நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் நுனி நரம்புக்கு வெளியே நின்று கை வீங்கும். இரண்டு முறை தவறினால் ஆளை மாற்றுங்கள். ஷாக்கில் வந்த பிள்ளைக்கு நரம்பு தேடி நேரம் கடத்தாமல், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு வழியாக மருந்து செலுத்தும் முறையைப் பொம்மையில் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

சீனியரை எழுப்பும்போது ‘பிள்ளை டல்லா இருக்கு’ என்று சொன்னால் அவர் புரண்டு படுப்பார். எடை, நாடித் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, அழுத்திய தோல் எத்தனை விநாடியில் சிவக்கிறது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது: ஐந்தையும் சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு போனைப் போடுங்கள்.