குடும்ப வரலாற்று மென்பொருளில் மூலமும் சான்றுக் குறிப்பும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன?

மூலம் என்பது தகவல் கிடைத்த ஆவணம்: ஒரு பிறப்புப் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பாட்டியின் கடிதம். அதில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பார்த்தோம் என்று சுட்டுவது சான்றுக் குறிப்பு. அடுக்குமாடிக் கட்டடமும் வீட்டு எண்ணும் போல. கட்டடத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் தபால்காரர் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியதுதான்.

ஒரே பதிவேட்டில் 40 உறவினர்கள் இருக்கலாம். அதன் விவரத்தை ஒருமுறை எழுதினால் போதும். ஒவ்வொருவருக்கும் பக்க எண் மட்டும் மாறும். தலைப்பில் பிழையா? ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் சரியாகிவிடும். கிராம்ப்ஸ் மென்பொருள் இப்படித்தான் இயங்குகிறது.

குறிப்பை ஆளின் பெயரோடு பொதுவாக ஒட்டாமல் அந்தந்த நிகழ்வோடு இணையுங்கள். இறப்புச் சான்றிதழில் பிறந்த ஆண்டும் இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னவர் பெரும்பாலும் பிள்ளைகளில் ஒருவர், அந்தப் பிறப்பின்போது அவரே பிறந்திருக்கவில்லை! குடும்ப வரலாற்று மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஜெட்காம் 5.5.1 கோப்பு வடிவத்தில் நம்பகத்தன்மையை 0 முதல் 3 வரை மதிப்பிட இடம் உண்டு; 3 தான் உச்சம். நான் 3 போடுவது அபூர்வம்.

சான்றுக் குறிப்பு இருந்தாலே தகவல் உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கே பார்த்தீர்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது.