நடுக்களத்தில் பந்து இருக்கிறது, முன்களத்துக்குப் போகவில்லை: என்ன செய்வது?

கேள்வி: ஒரு கல்லூரி கால்பந்து அணிக்குப் பயிற்சி அளிக்கிறேன். 4-3-3 முறையில் (நான்கு தடுப்பாளர்கள், மூன்று நடுக்கள வீரர்கள், மூன்று முன்கள வீரர்கள்) ஆடுகிறோம். நடுக்களத்தில் இருக்கும் மூவருமே பந்தை நன்றாகக் கையாளக்கூடியவர்கள். ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து எங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் முன்களத்துக்குப் போவதற்குள் எல்லாம் நின்றுவிடுகிறது. பக்கவாட்டில் பாஸ், பின்னால் பாஸ், கடைசியில் பொறுமை இழந்து ஒரு நீண்ட பந்து. ஸ்டிரைக்கர் காத்திருந்து அலுத்துப்போய் நடுக்கோடு வரை இறங்கி வந்துவிடுகிறார். நல்ல பாஸ் கொடுக்கும் ஒருவரைத் தேட வேண்டுமா, அல்லது ஆட்ட முறையை மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் உங்கள் அணி மைதானத்தில் எவ்வளவு நீளத்துக்குப் பரவி நிற்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்டிரைக்கர் இறங்கி வருவதுதான். அதற்காக அவரைக் கண்டிக்கும் பயிற்சியாளர்கள் பலர். அவர் மீது தவறில்லை. அக்கம்பக்கத்தில் தன் அணிக்காரர் ஒருவரும் இல்லாததால்தான் அவர் வருகிறார்.

அடுத்த ஆட்டத்தை உயரமான இடத்திலிருந்து கைபேசியில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். பந்தைத் துரத்தும் படம் பயன்படாது. இரண்டு அணிகளும் முழுதாகத் தெரிய வேண்டும். உங்கள் நடுக்கள வீரர் தலை நிமிர்ந்து, முன்பக்கம் பார்த்தபடி பந்தை வைத்திருக்கும் ஒவ்வொரு தருணத்திலும் படத்தை நிறுத்துங்கள். எதிரணியின் நடுக்கள வரிசைக்கும் பின்கள வரிசைக்கும் இடையே உங்கள் ஆட்கள் எத்தனை பேர்? திணறும் அணிகளில் பெரும்பாலும் ஒருவரும் இருக்க மாட்டார். இருந்தால் கோலுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர், அவர் முதுகோடு ஒட்டி எதிரணித் தடுப்பாளர். உங்கள் மூவரும் எதிரணி நடுக்களத்துக்கு முன்னால் ஒரே வரிசையில் நின்றுகொண்டு, தங்களுக்குள் பந்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாஸ்களால் எதிரணிக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கடைசித் தடுப்பாளருக்கும் ஸ்டிரைக்கருக்கும் இடையே எவ்வளவு தூரம்? 1980-களின் இறுதியில் ஏசி மிலான் அணியை நடத்திய அரிகோ சாக்கி, இந்தத் தூரம் 25 முதல் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதில் மிகக் கண்டிப்பாக இருந்தார். உங்கள் அணியிடம் அவ்வளவு கறார் தேவையில்லை, 40 மீட்டருக்குள் வந்தாலே போதும். 55, 60 மீட்டர் என்று நீண்டுகிடந்தால், எவ்வளவு திறமையான வீரரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினாலும் பந்து போய்ச் சேராது.

இங்கேதான் பலரும் தவறான இடத்தில் மருந்து போடுகிறார்கள். கோளாறு தெரிவது நடுக்களத்தில், ஆனால் பெரும்பாலும் அது தொடங்குவது பின்களத்தில். பந்து நடுக்களத்துக்குப் போன பிறகும் இரு மையத் தடுப்பாளர்களும் தங்கள் பெனால்டி பகுதிக்கு அருகிலேயே நின்றுவிடுகிறார்கள். பின்னால் பெரிய வெற்றிடம் இருப்பதால் நடுக்கள வீரர்களுக்கு மேலே போகப் பயம். ஸ்டிரைக்கர் மட்டும் மேலே தனித்து நிற்கிறார். ஆகவே முதல் திருத்தம், ஒவ்வொரு முன்பாஸுக்கும் பின்கள வரிசை ஐந்தாறு அடி எடுத்து வைத்து ஏற வேண்டும். கோல் கீப்பரும் கூடவே முன்னால் வர வேண்டும். சத்தம் போட்டு அவர்களை ஏற்றுவது அவர் பொறுப்பாக இருக்கட்டும்.

உலகத் தரத்திலும் இந்த நோய் வரும். 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா குரோஷியாவிடம் 0-3 என்று தோற்ற ஆட்டத்தை முடிந்தால் மீண்டும் பாருங்கள். நடுவில் மாஸ்செரானோவும் என்சோ பெரெஸும். இருவரும் தடுப்பு வேலையில் தேர்ந்தவர்கள்; இருவரும் மோட்ரிச், ராக்கிடிச், புரோசோவிச் ஆகியோருக்கு முன்னால் நின்றே பந்தைப் பிரித்துக்கொண்டார்கள். மெஸ்ஸி அந்த மூவருக்கும் அப்பால். மேலே நின்றால் பந்து வரவில்லை. இறங்கி வந்து வாங்கினால், அதை வாங்கி ஆட மேலே ஆளில்லை. மெஸ்ஸியே அணியில் இருந்தும் இந்த நிலை என்றால், இது தனிமனிதத் திறமையால் தீரும் விஷயம் அல்ல.

அடுத்து நைஜீரியாவுடனான ஆட்டத்தில் நடுக்கள வீரர் பனேகா உள்ளே வந்தார். 14-வது நிமிடத்தில் நடுக்கோட்டுப் பக்கமிருந்து அவர் தூக்கிக் கொடுத்த நீண்ட பாஸை மெஸ்ஸி இடது தொடையில் வாங்கி, பந்து தரையைத் தொடும் முன்பே இடது காலால் ஒரு முறை முன்னால் தள்ளி, வலது காலால் கோலாக்கினார். பனேகா கொடுத்தது அற்புதமான பாஸ்தான். ஆனால் பந்து கிளம்பும்போதே மெஸ்ஸி ஓட்டத்தில் இருந்தார் என்பதைப் பாருங்கள். நின்றுகொண்டிருப்பவருக்கு அப்படி ஒரு பாஸைக் கொடுக்கவே முடியாது. பனேகா வந்ததால் நோய் முழுவதும் தீர்ந்துவிடவும் இல்லை. அடுத்த சுற்றில் பிரான்ஸிடம் 3-4 என்று தோற்று வெளியேறினார்கள்.

2022-ல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் தொடக்கம் வேறு விதமாகத் தடுமாறியது. நடுக்களத்தையும் முன்களத்தையும் இணைக்கும் வேலையைச் செய்துவந்த லோ செல்சோ காயத்தால் போட்டிக்கே வரவில்லை. முதல் ஆட்டத்தில் சவுதி அரேபியா தன் பின்கள வரிசையை மிக முன்னால், நடுக்கோட்டை ஒட்டி நிறுத்தியது. அர்ஜென்டினாவோ இடையில் ஒரு பாஸ் கூடப் போடாமல் நேராக அந்த வரிசைக்குப் பின்னால் பந்தை அனுப்பிக்கொண்டே இருந்தது. முதல் பாதியில் மட்டும் மூன்று கோல்கள் ஆஃப்சைட் என்று ரத்தாகின. முடிவு 1-2. பயிற்சியாளர் ஸ்கலோனி அடுத்தடுத்த ஆட்டங்களில் மக் அலிஸ்டர், என்சோ பெர்னாண்டஸ், முன்னால் ஹூலியான் அல்வாரெஸ் என்று ஆட்களை மாற்றினார். மூவருமே ஓயாமல் இடம் மாறுபவர்கள். பந்தைக் கொடுத்ததும் நிற்காதவர்கள்.

அதன் முழுப் பலன் பிரான்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் 36-வது நிமிடத்தில் தெரிந்தது. அந்த இரண்டாவது கோலை உங்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். தங்கள் பாதியில் கிடைத்த பந்தை மக் அலிஸ்டர் ஒரே தொடுதலில் மெஸ்ஸிக்குக் கொடுக்கிறார். மெஸ்ஸி திரும்பி, இடது காலின் வெளிப்புறத்தால் வலப்பக்கம் அல்வாரெஸுக்குத் தட்டுகிறார். அல்வாரெஸ் நிறுத்தாமல் முன்னால் இருக்கும் வெற்றிடத்துக்குத் தள்ளுகிறார். அந்தப் பந்தை எடுக்க ஓடிவருபவர் முதலில் கொடுத்த அதே மக் அலிஸ்டர். அவர் குறுக்கே தர, இடப்பக்கம் தனியாக வந்த டி மரியா கோல் அடிக்கிறார். மெஸ்ஸியின் கால் வித்தையை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் மக் அலிஸ்டரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கொடுத்த மறுகணமே அவர் ஓடத் தொடங்கிவிட்டார். உங்கள் அணியில் காணாமல்போயிருப்பது அந்த ஓட்டம்.

இதை 4-3-3-ல் எப்படிக் கொண்டுவருவது? மூன்று நடுக்கள வீரர்களில் ஒருவர் மட்டும் எப்போதும் பந்துக்குப் பின்னால். மற்ற இருவரும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. ஒருவர் பந்துக்கு உதவியாக அருகில் வந்தால் மற்றவர் எதிரணி நடுக்களத்தைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். ஸ்டிரைக்கர் இறங்கி வரட்டும், தடுக்காதீர்கள். ஆனால் அவர் இறங்கும் அதே நேரத்தில் ஒரு விங்கர் (பக்கவாட்டு முன்கள வீரர்) உள்நோக்கிப் பின்கள வரிசைக்குப் பின்னால் பாய வேண்டும். ஒருவர் வந்து இன்னொருவர் போகாவிட்டால், எதிரணித் தடுப்பாளர் ஸ்டிரைக்கரின் முதுகோடு ஒட்டியே வந்து பந்தைப் பறித்துவிடுவார்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன், இதையே தொடர்ந்து ஆடவிடுங்கள். மைதானத்தின் பாதியில் ஏழு பேருக்கு ஏழு பேர். இரு பக்கத்திலும் கோலுக்குச் சற்று முன்னால், குறுக்குவாட்டில் சுமார் 12 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையைக் குறியுங்கள். தாக்கும் அணி, எதிரணி கோலுக்கு முன்னால் உள்ள பட்டையில் ஒருவராவது பந்தை வாங்கிக் கொடுத்த பிறகு அடிக்கும் கோல் மட்டுமே செல்லும். அங்கே வாங்குபவருக்கு இரண்டே தொடுதல். அங்கேயே யாரும் குடியிருக்கக் கூடாது. பந்து கிளம்பும்போதுதான் நுழைய வேண்டும். வாங்கியவர் கொடுக்க வேண்டியது தனக்குப் பந்து தந்தவருக்கு அல்ல, மூன்றாவதாக ஓடிவருபவருக்கு. கடைசி விதிதான் உயிர்; முதலில் குழப்பம் வரும், விட்டுவிடாதீர்கள்.

பந்தை வாங்கும்போது உடல் எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தன் கோலைப் பார்த்தபடி வாங்குபவருக்குப் பின்னால் கொடுப்பதைத் தவிர வழியில்லை. தோளை அரைவாசி திருப்பி, தூரத்துக் காலில், அதாவது பந்திலிருந்து தள்ளியிருக்கும் காலில், வாங்கப் பழக்குங்கள். நார்வேயின் விளையாட்டு உளவியல் பேராசிரியர் கெயிர் யோர்டெட் பிரீமியர் லீக் வீரர்களை ஆராய்ந்தபோது, பந்து வருமுன் அடிக்கடி திரும்பிப் பார்ப்பவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சரியான ஆளிடம் சேர்வதைக் கண்டார். பயிற்சியில் வீரரின் முதுகுப்பக்கம் நின்று, பந்து வந்துகொண்டிருக்கும்போது கையில் விரல்களைக் காட்டுங்கள். எத்தனை என்று சொல்லிக்கொண்டே அவர் பந்தை வாங்க வேண்டும். உங்கள் மூவரில் யாருக்கு இது வரவில்லையோ, அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடலாம். அதுவரை மாற்ற வேண்டாம்.

ஆட்ட முறை பற்றி: 4-2-3-1 என்று எழுதி ஒருவரைப் பத்தாம் எண் இடத்தில், அதாவது ஸ்டிரைக்கருக்குச் சற்றுப் பின்னால், நிறுத்திவைத்தால், எதிரணியின் தடுப்பு நடுக்கள வீரர் அவரோடு நின்றுகொள்வார், வேலை முடிந்தது. தூரமும் ஓட்டமும் சரியான பிறகு அதைச் சோதித்துப் பாருங்கள், பயன்படலாம்.

நம் மைதானங்கள் பலவும் மேடுபள்ளமான காய்ந்த தரை. 30 மீட்டர் தரைப்பாஸ் வழியில் துள்ளி, வாங்குபவரின் முழங்காலுக்கு வரும். இந்தக் காரணத்தாலும் உங்கள் வீரர்கள் நெருங்கி நிற்க வேண்டும்: 12, 15 மீட்டர் பாஸ் அந்தத் தரையிலும் பிழைக்கும். மாலை வெயிலில் ஆடினால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கால்கள் தளர்ந்து அணி மறுபடி நீளும். மாற்று வீரர்களில் இருவரையாவது நடுக்களத்துக்கு என்று ஒதுக்கி, தளர்ச்சி தெரியும் முன்பே இறக்குங்கள்.

தொடக்கத்தில் சில ஆட்டங்களில் பந்து முன்பைவிட அதிகமாகப் பறிபோகும், எதிர்த்தாக்குதலில் ஒன்றிரண்டு கோல்கள் வாங்கவும் நேரும். பந்து இல்லாத பக்கத்து விங் தடுப்பாளரை மேலே விடாமல் உள்ளே இழுத்து நிறுத்தினால் சேதம் குறையும். முன்னால் பார்த்துக் கொடுத்துத் தவறிய பாஸுக்காக மட்டும் யாரையும் வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் மறுவாரமே மூவரும் பழையபடி பக்கவாட்டில் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.